ஒரு விரலில் சுழலும் சக்கரம்: கையடக்க பைனாகுலரின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு கடையில இருந்து ஆரம்பிக்கலாம்.

கண்ணாடிக் கவுன்ட்டர் மேல ரெண்டு பைனாகுலர் இருக்கு. ரெண்டுமே சட்டைப் பைக்குள்ள அடங்குற சைஸ். ரெண்டுலயும் 8×25ன்னு போட்டிருக்கு. எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று அதற்கு அர்த்தம். ஒண்ணு சில ஆயிரம் ரூபாய். இன்னொண்ணு, நல்லதொரு போன் வாங்குற விலை. ரெண்டையும் கண்ணுல வச்சு எதிர்ச் சாரியில இருக்கிற பெயர்ப்பலகையைப் பார்க்கிறீங்க. ரெண்டுலயும் எழுத்து தெரியுது. அப்போ எதுக்கு இவ்ளோ காசு?

நடுவுல இருக்கிற சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. விலை குறைந்ததில் சக்கரம் முதலில் கொஞ்ச தூரம் சும்மாவே சுற்றும், படம் அசையாது. அப்புறம் திடீர்னு ஒரு தாவு தாவி, தெளிவான இடத்தைத் தாண்டிப் போயிடும். திரும்பி வரணும். திரும்பினா மறுபடி தாண்டும். விலை கூடியதில் விரல் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுதான் படம் மாறும். விரல் நின்ற இடத்தில் படமும் நிற்கும்.

இந்தச் சின்ன விஷயம் சரியா வர்றதுக்கு ஏறக்குறைய 400 வருஷம் ஆயிருக்கு. நடுவுல ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகன் வர்றார், ரெண்டு உலகப்போர் வருது, ரெண்டா உடைஞ்ச ஒரு கம்பெனி வருது, பறவைகளைச் சுடக் கூடாதுன்னு சொன்ன ஒரு காலேஜ் பொண்ணு வர்றாங்க. வாங்க, கதைக்குப் போவோம்.

ரெண்டு கண்ணுக்கும் வேணும்

1608 அக்டோபர். நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் மூக்குக் கண்ணாடி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் லிப்பர்ஷே, தூரத்தில் உள்ளதைப் பக்கத்தில் காட்டும் ஒரு குழாயைக் கொண்டுபோய் டச்சு அரசின் முன்னால் வைத்து, காப்புரிமை கேட்டார். கருவியைப் பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனது. ஆனால் உடனே ஒரு கோரிக்கை வைத்தார்கள்: ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கே, ரெண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்து தர முடியுமா?

அவர் செய்தும் கொடுத்தார். பணம் கிடைத்தது, காப்புரிமை கிடைக்கவில்லை, ஏனென்றால் அதே நேரத்தில் வேறு சிலரும் இந்த வித்தையைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கவனிங்க, தொலைநோக்கி உலகத்துக்குத் தெரிய வந்த அதே சில மாதங்களுக்குள்ளேயே பைனாகுலர் கேட்டுட்டாங்க. மனுஷனுக்கு ரெண்டு கண் இருக்கே, சும்மாவா?

ஆனால் ரெண்டு குழாய்களை ஒட்டவைத்தால் மட்டும் போதாது. ரெண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், ரெண்டும் ஒரே நேரத்தில் தெளிவாக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவருக்குத் தலைவலிதான். அதனால் இருநூறு ஆண்டுகள் பைனாகுலர் ஒரு அபூர்வப் பொருளாகவே இருந்தது. 1820களில்தான் வியன்னாவிலும் பாரிஸிலும் ஆப்பரா கண்ணாடிகள் பிரபலமாயின. முதலில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1825-ல் பாரிஸைச் சேர்ந்த லெமியேர், நடுவில் ஒரு சக்கரம் வைத்து, அதைச் சுழற்றினால் இரண்டு பக்கமும் சேர்ந்து நகரும்படி செய்தார். இன்னைக்கு நாம கடையில சுத்திப் பார்த்தோமே, அந்தச் சக்கரத்தோட பூர்வீகம் இதுதான்.

நல்ல யோசனை, மோசமான கண்ணாடி

ஆப்பரா கண்ணாடியில் ஒரு பெரிய குறை. மூணு, நாலு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும். வேறு வகை லென்ஸ் அமைப்பைப் போட்டால் காட்சி விரியும், ஆனால் படம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்த இன்னும் லென்ஸ்களைச் சேர்த்தால் கருவி ஒரு முழம் நீண்டுவிடும்.

இதற்கு வழி கண்டவர் இத்தாலியப் பொறியாளர் இக்னாசியோ போரோ. 1854-ல் அவர் பெற்ற காப்புரிமையின் சாரம் எளிது: ஒளியை முப்பட்டகக் கண்ணாடிகளுக்குள் அனுப்பி, நான்கு முறை திருப்பிவிட்டால் படம் நிமிர்ந்துவிடும், நீளமான பாதை மடிந்து சின்ன இடத்தில் அடங்கிவிடும். ஆனால் ஒளி அவ்வளவு தூரம் கண்ணாடிக்குள்ளேயே பயணிக்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடி பழுதில்லாமல் இருக்க வேண்டும். அன்றைக்குக் கிடைத்த கண்ணாடியில் குமிழும் கோடும் நிறைந்திருந்தன. யோசனை பேப்பரில் நின்றுவிட்டது.

நின்றபடி சாப்பிட்ட அப்பா

இங்கேதான் எர்ன்ஸ்ட் அபே வர்றார். 1840-ல் ஜெர்மனியின் ஐசனாக்கில் பிறந்தவர். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தினமும் 14 மணி நேரம், 16 மணி நேரம் நின்றுகொண்டே வேலை. சிறுவன் அபே மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவான். அப்பா மெஷினில் சாய்ந்தபடியே அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, தூக்கை மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புவார். பெரிய விஞ்ஞானியான பிறகு அபே தானே சொன்ன நினைவு இது.

யேனா நகரில் கார்ல் ஸைஸ் என்பவர் 1846-ல் ஒரு பட்டறை தொடங்கி, மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருந்தார். 1866-ல் அவர் அபேயைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அதுவரை லென்ஸ் செய்வது கைப்பழக்கம். ஒன்று நன்றாக வரும், அடுத்தது வராது. அபே அதைக் கணக்காக மாற்றினார். கணக்கு சரியாக இருந்தும் கண்ணாடி காலை வாரியது. எனவே ஓட்டோ ஷாட் என்ற கண்ணாடி வேதியியலாளரை அழைத்து, 1884-ல் யேனாவிலேயே ஒரு கண்ணாடி ஆய்வகம் தொடங்கினார்கள். போரோவின் யோசனைக்குத் தேவையான கண்ணாடி முப்பது வருஷம் கழித்துக் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. அபே போரோவைப் பற்றித் தெரியாமலேயே அதே வழியைத் தானாகக் கண்டுபிடித்து, 1873-ல் வியன்னா கண்காட்சியில் ஒரு மாதிரியைக் காட்டியிருந்தார். பின்னால் காப்புரிமை கேட்டபோதுதான் இது பழைய சரக்கு என்று தெரிந்தது. எனவே முன்பக்க லென்ஸ்களைக் கண்களைவிட அகலமாக விலக்கி வைத்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்புக்கு மட்டும் காப்புரிமை பெற்றார்கள். 1894-ல் ஸைஸ் பைனாகுலர்கள் விற்பனைக்கு வந்தன. 'தோள் அகன்ற' பைனாகுலர் என்று நமக்குப் பழகிய அந்த உருவம் அப்போது பிறந்தது.

இப்போ அப்பாவோட தூக்குக்குத் திரும்புவோம். கார்ல் ஸைஸ் 1888-ல் இறந்த பிறகு அபே, கம்பெனியைத் தன் குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளவில்லை. 1889-ல் ஒரு அறக்கட்டளை தொடங்கி, தன் பங்கையும் சேர்த்து எல்லாவற்றையும் அதன் பெயருக்கு மாற்றினார். 1900-ல் எட்டு மணி நேர வேலை நாளைக் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் கணக்கும் எடுத்தார்: ஒன்பது மணி நேரத்தில் செய்ததைவிட எட்டு மணி நேரத்தில் தொழிலாளர்கள் அதிகமாகவே செய்திருந்தார்கள்.

பைனாகுலருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். லென்ஸைத் தேய்ப்பதும், இரண்டு குழாய்களை ஒரே கோட்டில் நிறுத்துவதும், மரையில் சக்கரம் வழுக்காமல் இறுகாமல் ஓடவைப்பதும் களைத்துப்போன கை செய்கிற வேலை இல்லை. சக்கரத்தில் உங்கள் விரல் உணரும் அந்த நேர்த்தி, இன்னொருத்தர் விரல்ல இருந்து வந்தது.

போருக்கு ஒரு கண்

அபே 1905-ல் இறந்தார். ஒன்பது வருஷத்தில் உலகப்போர். எதிரியின் பீரங்கி எங்கே, குண்டு எங்கே விழுந்தது, கடலில் தெரிவது நம் கப்பலா எதிரிக் கப்பலா என எல்லாவற்றுக்கும் பைனாகுலர் வேண்டும். ஆனால் நல்ல ஒளியியல் கண்ணாடியில் பெரும்பகுதி ஜெர்மனியில் இருந்து வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது.

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அதன் கடற்படையிடம் போதுமான பைனாகுலர் இல்லை. அப்போது கடற்படைத் துணைச் செயலராக இருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பின்னாளில் ஜனாதிபதி ஆனவரேதான். 'கடற்படைக்குக் கண்கள்' என்று ஒரு இயக்கம் நடந்தது. வீட்டில் இருக்கும் பைனாகுலரில் பெயரை எழுதிக் கட்டி அனுப்புங்கள், போர் முடிந்ததும் முடிந்தால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அரசு எதையும் இலவசமாக வாங்கக் கூடாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்தார்கள். பல்லாயிரக்கணக்கில் வந்து குவிந்தன.

ராணுவ பைனாகுலர்கள் பலவற்றில் நடுச் சக்கரமே இருக்காது. இரண்டு கண் பக்கத்தையும் தனித்தனியாக ஒருமுறை திருகி வைத்துவிட்டால் போதும். எதிரி எப்படியும் தூரத்தில்தான் இருப்பான். அடிக்கடி ஃபோகஸ் மாற்ற வேண்டியதில்லை. நகரும் பாகம் குறைந்தால் தண்ணீரும் புழுதியும் உள்ளே போகும் வழியும் குறையும். அப்படியென்றால் நடுச் சக்கரம் வேகமாகவும் துல்லியமாகவும் ஓட வேண்டும் என்று யார் கேட்டது?

துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள்

பறவை பார்ப்பவர்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பறவையை அடையாளம் காண வழி ஒன்றுதான்: சுட்டு, கையில் எடுத்துப் பார்ப்பது. பெரிய பறவையியலாளர்களும் அப்படித்தான் செய்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் பெண்களின் தொப்பியில் இறகு செருகுவது ஃபேஷன். அதற்காகப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். ஸ்மித் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஃப்ளாரன்ஸ் மெரியம் இதை எதிர்த்துச் சக மாணவிகளைத் திரட்டினார். 1889-ல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பின் அர்த்தம், 'ஆப்பரா கண்ணாடி வழியே பறவைகள்'. நாடகம் பார்க்கப் பயன்படும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள், உயிரோடு இருக்கும் பறவையைப் பாருங்கள் என்பதுதான் அதன் செய்தி. அபேயின் பைனாகுலர் கடைக்கு வர இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

1934-ல் ரோஜர் டோரி பீட்டர்சனின் கள வழிகாட்டி வந்தது. ஒவ்வொரு பறவையையும் தூரத்தில் இருந்தே பிரித்தறிய எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்று படத்தில் சின்னக் கோடு போட்டுக் காட்டியது. சுடத் தேவையே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியணும்.

பறவை எதிரிக் கப்பல் மாதிரி நிற்காது. எட்டு மீட்டர் தூரப் புதரில் இருக்கும். அடுத்த நொடி முப்பது மீட்டர் தள்ளி மரத்தில் இருக்கும். சக்கரம் சும்மா சுற்றுவதற்குள் பறந்து போயிருக்கும். ஃபோகஸ் சக்கரத்தின் நேர்த்தி ஒரு ஆடம்பரமாக இல்லாமல் தேவையாக மாறியது இப்படித்தான்.

உடைந்த கம்பெனி

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவுக்குள் நுழைந்தது. ஆனால் ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத் யூனியனுக்குப் போக வேண்டும். கிளம்பும்போது அமெரிக்கர்கள் 84 நிபுணர்களைக் கையோடு மேற்குக்கு அழைத்துச் சென்றார்கள். அடுத்து வந்த சோவியத் தரப்பு, இழப்பீடாகத் தொழிற்சாலை மெஷின்களைக் கழற்றி ஏற்றியது. 1946 அக்டோபரில் எஞ்சிய நிபுணர்களில் பலரையும் குடும்பத்தோடு கொண்டுபோனது.

மேற்கே போனவர்கள் ஓபர்கோஹன் என்ற ஊரில் புது ஸைஸைத் தொடங்கினார்கள். யேனாவில் மிஞ்சியவர்களும் தொழிற்சாலையை மறுபடி எழுப்பினார்கள். ஒரே பெயரில் இரண்டு கம்பெனி. பெயர் யாருக்கு என்று பல நாடுகளில் பல வருஷம் வழக்கு. ஜெர்மனி ஒன்றான பிறகுதான் இரண்டும் சேர்ந்தன.

இதே காலத்தில் போட்டியும் வளர்ந்தது. வெட்ஸ்லர் நகரின் லைட்ஸ், அதாவது லைக்கா கேமரா செய்தவர்கள், 1907-லிருந்தே பைனாகுலரும் செய்து வந்தார்கள். 1960களில் ட்ரைனோவிட் என்ற மெலிந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரியாவின் அப்சாம் ஊரில், கிறிஸ்டல் கல்லுக்குப் பெயர்போன ஸ்வரோவ்ஸ்கி குடும்பத்து மகன் வில்ஹெல்ம், 1935-ல் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு பைனாகுலர் செய்தார். 1949-ல் அதையே தொழிலாக்கினார். இன்றைக்குக் கையடக்க பைனாகுலரில் உயர்ந்த ரகம் என்று பேச்சு வந்தால் முதலில் காதில் விழுவது இந்த மூன்று பெயர்கள்தான்.

சின்னதாக்குவது ஏன் கஷ்டம்?

சட்டைப் பையில் அடங்கணும்னா போரோவின் வளைந்த பாதை ஆகாது, நேர்க்குழாய் வேண்டும். அதற்கு வேறொரு முப்பட்டகம் உண்டு. அதன் ஒரு பக்கம் வீட்டுக் கூரை மாதிரி இரண்டு சரிவாக இருப்பதால் 'கூரைப் பட்டகம்' என்று பெயர். வெட்ஸ்லரின் ஹென்சோல்ட் நிறுவனம் 1905-லேயே இந்த வகையை விற்றது. ஆனால் அந்தக் கூரையின் கோணம் மிகச் சரியாக 90 டிகிரி இருக்க வேண்டும். சில ஆர்க் செகண்ட் பிசகினாலும் படம் இரட்டையாகும். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட். அதுவும் போக, இரண்டு சரிவில் பிரிந்து சேரும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதிப் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும். இதைச் சரிசெய்யும் பூச்சை ஸைஸ் 1988-ல்தான் கொண்டுவந்தது.

பழைய பைனாகுலரில் சக்கரத்தைச் சுற்றினால் கண் பக்கத்து லென்ஸ்கள் வெளியே வந்து போகும்; கூடவே காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். நம்ம கடலோர ஊர்கள்ல லென்ஸுக்குள்ள பூஞ்சை படர்வதைக் கேமரா வச்சிருக்கிறவங்களைக் கேட்டாத் தெரியும். இன்றைய நல்ல வகைகளில் வெளியே எதுவும் அசையாது. உள்ளே ஒரு சின்ன லென்ஸ் மட்டும் முன்னும் பின்னும் நகரும். நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பார்கள். நகரும் தூரமோ சில மில்லிமீட்டர். அதில் மயிரிழை தளர்வு இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்க லென்ஸும் ஒன்றாக நகராவிட்டால் ஒரு கண்ணில் தெளிவு, மறு கண்ணில் மங்கல். பெரிய பைனாகுலரில் மறைந்துபோகும் பிழை, சின்னதில் மறையாது.

கடைக்குத் திரும்பலாம்

சரி, கையில எடுத்தாச்சு. எப்படிப் பார்க்கிறது?

முதலில், கண்ணில் வைக்காமலே சக்கரத்தைக் கடைசி வரை இரண்டு பக்கமும் சுற்றுங்கள். இழுவை முழுக்க ஒரே மாதிரி இருக்கணும். ஒரு இடத்தில் இறுகி, ஒரு இடத்தில் தளர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஆனா முதல் நாள்ல கொஞ்சம் இறுக்கமா இருந்தா உடனே ஒதுக்க வேண்டாம்; உள்ளே இருக்கும் கிரீஸ் குளிரில் கெட்டியாகும், பழகப் பழகச் சமனாகும். ஏசி கடைக்குள்ளேயும் வெயிலிலும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, தூரத்தில் ஒரு எழுத்தைத் தெளிவாக்கிவிட்டு, சக்கரத்தை ரொம்ப லேசாகத் திருப்புங்கள். உடனே படம் மாறணும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். திசை மாற்றும்போது சக்கரம் சும்மா சுற்றினால் அதுதான் தளர்வு. அது போகப் போகக் கூடுமே தவிரக் குறையாது.

மூணாவது முக்கியமானது. இளவயதுக் கண் ஏமாற்றும். எட்டு மடங்கு பைனாகுலர் வழியாகப் பார்க்கும்போது தூர வித்தியாசத்துக்காகக் கண் செய்ய வேண்டிய சரிக்கட்டல் எட்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய 64 மடங்கு. இருபது வயதுக் கண் அதில் பெரும்பங்கைத் தானே செய்துவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அரை மணி நேரம் கழித்து நெற்றி வலிக்கும்போது தெரியும். அதனால் சக்கரத்தைக் கிட்டத்துக்கு வைத்துத் தொடங்கி, தூரத்தை நோக்கித் திருப்புங்கள். முதன்முதலில் தெளிவான இடத்தில் நிறுத்துங்கள். கண் ஓய்வாக இருக்கும் இடம் அதுதான். வீட்டில் நாற்பதைத் தாண்டியவரிடமும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சக்கரத்தின் உண்மையான தரத்தை அவர் கண் சொல்லும்.

நாலாவது, எல்லாப் பழியையும் சக்கரத்தின் மேல் போடாதீர்கள். 8×25-ல் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 25-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 3.1 மில்லிமீட்டர், 8×20 என்றால் 2.5 மட்டும். கண் கொஞ்சம் விலகினாலும் ஓரம் இருட்டும், ஃபோகஸ் போனது போலத் தோன்றும். கீலை மடக்கி விரித்து இரண்டு கண்ணுக்கும் சரியாக வைத்த பிறகு சக்கரத்தைப் பற்றிப் பேசுங்கள். அந்தி நேரத்தில் எவ்வளவு விலை கொடுத்தாலும் சின்ன லென்ஸ் சின்ன லென்ஸ்தான். இருட்டில் உங்கள் கண்மணி விரியும் அளவுக்கு அது ஒளி தராது.

அப்போ அந்த விலை நியாயமா? என்னோட பதில் இது. வருஷத்துக்கு ரெண்டு தடவை மலைக்குப் போறப்போ பார்க்கிறதுக்கு என்றால் தேவையில்லை. நடுத்தர விலையில் தளர்வில்லாத சக்கரம் உள்ள ஒன்றே போதும். வாரா வாரம் ஏரிக்கரைக்குப் போறவங்களா? பையில் இருப்பதே தெரியாமல் கூடவே வரவேண்டுமா? அப்போது அந்தச் சக்கரத்துக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஆனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், விரலைக் கேட்டு வாங்குங்கள்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கை களைக்கும், களைத்த கையில் நல்ல பொருள் வராது என்று அபே 1900-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். கடையில் அந்தச் சக்கரம் வழுக்காமல், தாவாமல், விரலோடு சேர்ந்து நிற்கும்போது, மெஷினில் சாய்ந்தபடி மதியச் சாப்பாட்டை விழுங்கிய ஒரு அப்பாவையும் கொஞ்சம் நினைச்சுக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.